சொல்லப்படவில்லை

ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துத் தாளில் இரண்டே கேள்விகள். நேரம் ஒரு மணி. முதல் கேள்வியில் ஒரு வரைபடமோ அட்டவணையோ இருக்கும். அதைப் பார்த்து 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். இரண்டாவது ஒரு பொதுக்கேள்வி. அதற்கு 250 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை. 'டாஸ்க் 2' என்று சொல்வார்கள். முதல் கேள்வியைவிட இதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. லண்டனுக்குப் போக நினைக்கும் நர்ஸ், கனடாவில் படிக்கப் போகும் பையன், ஆஸ்திரேலியாவில் குடியேறப் பார்க்கும் டிப்ளமா மெக்கானிக், எல்லோரும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுதிய 'நான் விரும்பும் தலைவர்'க்குப் பிறகு இவர்களில் பலர் எழுதும் ஒரே கட்டுரையும் இதுதான்.

வெண்பாவுக்கும் ஹைக்கூவுக்கும் இலக்கணம் பேசுகிறோம். இத்தனை பேர் இத்தனை பதற்றத்தோடு எழுதும் ஓர் உரைநடை வடிவத்தை யாராவது உட்கார்ந்து விமர்சிக்க வேண்டாமா என்று தோன்றியது. கடந்த ஓராண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட டாஸ்க் 2 கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். நான் ஆங்கில ஆசிரியன் கிடையாது. பாகலூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் கோடு எழுதுகிறவன். 'ஐடியில இருக்காரு, இங்கிலீஷ் வரும்' என்ற நம்பிக்கையில் தெருவில் மூன்று பேர் நோட்டைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். (பாகலூர் என்றதும் ஆபீஸில் உடனே 'ஏர்போர்ட் பக்கத்திலயா?' என்பார்கள். அது பெங்களூருக்கு வடக்கே இருக்கும் இன்னொரு பாகலூர். இது ஓசூரைத் தாண்டி, ரோஜாத் தோட்டங்களும் புது லேஅவுட்களுமாக, கர்நாடக எல்லையில் இருப்பது. விமானம் அந்த பாகலூரில், ஏற ஆசைப்படுகிறவர்கள் இந்த பாகலூரில்.)

முதல் பத்துக் கட்டுரைகளை வாசித்தபோதே ஒன்று தெரிந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே ஆளைப் போல எழுதுகிறார்கள். எல்லாக் கட்டுரையும் 'இன்றைய வேகமான நவீன உலகில்' என்றுதான் தொடங்குகிறது. கேள்வி எதுவானாலும் அது 'இருபுறமும் கூர்மையான கத்தி' ஆகிவிடுகிறது. கேள்வியையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்வது முதல் பத்தி. ஒரு காரணம், ஓர் உதாரணம் இரண்டாவது பத்தி. இன்னொரு காரணம், இன்னோர் உதாரணம் மூன்றாவது. நான்காவதில் முதல் பத்தி மறுபடியும் வரும், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு. ஒவ்வொரு பத்தியின் வாசலிலும் 'முதலாவதாக', 'மேலும்', 'எனவே', 'முடிவாக' என்று ஒரு வாட்ச்மேன் நிற்பார்.

உதாரணம் என்ற இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமீபத்திய ஆய்வின்படி எழுபது சதவீதம் பேர்...' எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆய்வு என்று கேட்டேன். 'அப்படி எதுவும் இல்லண்ணா, அதை நாமளே போட்டுக்கலாம்னு கோச்சிங்ல சொன்னாங்க' என்றார் ஒருவர். கண்ணில் கூச்சமே இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அது அவருக்குப் பொய்யே இல்லை. லெட்டரில் 'நலம் நலமறிய ஆவல்' போல அது ஒரு வடிவ வழக்கம்.

இதற்கெல்லாம் தேர்வை நடத்துகிறவர்கள்தான் காரணம் என்று எழுதிவிடலாமென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மதிப்பெண் அளவுகோலை எடுத்து வாசித்தேன். ரகசியமில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான்கு அம்சங்கள்: கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்லியிருக்கிறதா, எழுத்து கோர்வையாகப் போகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் சம எடை. இதில் கோர்வை பற்றிய பகுதியைப் படித்தபோது அந்த அளவுகோலை எழுதியவர் மேல் மரியாதையே வந்துவிட்டது. மேல் படியில் இருக்கும் எழுத்தில் இணைப்பு வாசிப்பவரின் கவனத்தை இழுக்கக் கூடாது என்பதுதான் சாரம். அதாவது அந்த வாட்ச்மேன்கள் கண்ணில் படக் கூடாது. இணைப்புச் சொற்கள் எந்திரத்தனமாக வந்தால் நடுப் படியோடு சரி. மனப்பாடம் பண்ணி ஒப்பித்தால் அதற்கும் தண்டனை உண்டு. கேள்வித்தாளிலோ, உன் சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் உதாரணம் கொடு என்றுதான் கேட்கிறார்கள்.

ஆக, அளவுகோல் கேட்பது ஒன்று, டெம்ப்ளேட் சொல்லிக்கொடுப்பது வேறொன்று. எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பதுதான். டெஸ்ட் கேஸை மட்டும் பாஸ் பண்ற மாதிரி கோடு எழுதிட்டு, உண்மையான யூசர் வந்ததும் விழுந்து கிடப்பது. பயிற்சி நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. 'சார், எங்ககிட்ட வர்றவங்க எழுத்தாளர் ஆகணும்னு வரல. ஆறரை வாங்கணும்னு வர்றாங்க. எனக்கு இருக்கிறது நாற்பத்தஞ்சு நாள். அதுக்குள்ள எழுதச் சொல்லித்தர முடியாது, விழாம நிக்கச் சொல்லித்தரலாம்' என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். சான்றிதழ் செல்லுபடியாவது இரண்டே ஆண்டுகள். பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் கேட்பதில் வேறு மூன்று பகுதிகளில் 7, எழுத்தில் 6.5; அந்த எழுத்துப் பகுதிக்கும் 2018 வரை 7தான் கேட்டார்கள், அதற்குப் பிறகுதான் அரை பேண்ட் இறங்கினார்கள். அந்த அரை பேண்டுக்குள் ஒரு குடும்பத்தின் ஐந்து வருட வருமானம் இருக்கும்போது, சொந்த நடையில் எழுதிப் பார் என்று உபதேசம் செய்ய எனக்கு என்ன போகிறது?

அதனால் டெம்ப்ளேட்டை விட்டுவிட்டு, டெம்ப்ளேட் ஏன் சாத்தியமாகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. அதற்குக் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் முதல் ஆங்கிலத் திறன் தேர்வை நடத்தியது 1913இல். எழுதியவர்கள் மொத்தம் மூன்று பேர். மூவரும் ஃபெயில். பன்னிரண்டு மணி நேரத் தேர்வு அது. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்க்க வேண்டும், அங்கிருந்து திரும்பவும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இலக்கணம், உச்சரிப்பியல், ஆங்கில இலக்கியம் எல்லாம் உண்டு. கட்டுரைக்கு இரண்டு மணி நேரம். ஆறு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மேத்யூ ஆர்னால்டு ஒரு தலைப்பு, எலிசபெத் காலத்துக் கடல் பயணங்கள் ஒரு தலைப்பு, 1857 இந்தியக் கலகம் ஒரு தலைப்பு.

அதே 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு மதராஸ் துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தவர். அந்தக் கடிதத்தை டாஸ்க் 2 கண்ணோடு படித்துப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, வயது என்ன என்று சொல்லிவிடுகிறார். நவீன உலகம் கிடையாது, கத்தி கிடையாது. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்புதான் என்கிறார். பிறகு நேரே கணக்கு. கட்டுரைத் தாளில் தேறாதவருக்குச் சொல்ல விஷயம் இருந்தது, யாரிடம் சொல்கிறோம் என்ற தெளிவும் இருந்தது.

1913ஆம் ஆண்டுத் தேர்வு நியாயமானதென்று நான் சொல்ல வரவில்லை. ஆர்னால்டு யாரென்று தெரியாதவனுக்கு அங்கே இடமே இல்லை. ஆங்கிலம் தெரிவது என்றால் ஆங்கிலேயப் பண்பாட்டில் ஊறியிருப்பது என்று அர்த்தம். பிற்பாடு வந்த தேர்வுகள் இதைத்தான் சரிசெய்யப் பார்த்தன. 1989இல் ஐஇஎல்டிஎஸ் இன்றைய பெயரில் வந்தபோது உலகம் முழுக்க எந்த ஊர்க்காரரும் எழுதக்கூடியதாக அது இருக்க வேண்டியிருந்தது. ஹனோயில் இருப்பவருக்கும் லாகோஸில் இருப்பவருக்கும் பாகலூரில் இருப்பவருக்கும் ஒரே கேள்வி. யாருக்கும் கூடுதல் சாதகம் இருக்கக் கூடாது. அதனால் எந்தத் தனி அறிவும் தேவைப்படாத கேள்விகளாகப் பார்த்துப் போட்டார்கள்: நகரமயமாதல், இணையம், பிள்ளை வளர்ப்பு, சுற்றுலா. நல்ல எண்ணம்தான். ஆனால் எதுவும் தெரியாமலே பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு, எதுவும் தெரியாதவன் எழுதியது மாதிரியான பதில்தான் திரும்ப வரும். நியாயத்துக்குக் கொடுத்த விலை அது. நான் அந்த விலையைக் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன்.

பழைய தேர்விலிருந்து உதிர்ந்துபோன இன்னொன்றும் உண்டு. 1913இல் மொழிபெயர்ப்பு இருந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் மட்டும்தான், தமிழையோ தெலுங்கையோ யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் தேர்வு எழுதுபவருக்குள் வேறொரு மொழி இருக்கிறது, ஆங்கிலம் அதன் பக்கத்தில் வந்து உட்காருகிறது என்ற ஒப்புதலாவது அதில் இருந்தது. இன்றைய தாளைப் பொறுத்தவரை நாம் எந்த மொழியிலிருந்தும் வரவில்லை.

நோட்டு கொண்டுவந்தவர்களில் ஒருவர் பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். வீட்டில் தெலுங்கு. தெருவில் தமிழ். வார்டில் கன்னடம், கொஞ்சம் இந்தி. கேஸ் ஷீட்டில் ஆங்கிலம். ஓசூர்ப் பக்கத்தில் இது ஒரு சாதனையே இல்லை, பால்காரருக்கும் மூன்று மொழி வரும். இவர் தெலுங்கு வழிப் பள்ளியில் படித்தவர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வகுப்பு வகுப்பாக ஏறிவந்து 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது அந்த முதல் பேட்ச்சில் இருந்தவர். பொதுத்தேர்வில் தமிழும் எழுதியாக வேண்டும் என்றானதும் இங்குள்ள தெலுங்கு, கன்னட, உருது வழிப் பிள்ளைகள் பலர் விலக்கு கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். தமிழில் இலக்கியக் கட்டுரை வாசிக்கும் நமக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் உடனே காலனியம், ஏகாதிபத்தியம் என்று கோபம் வரும். வரட்டும், தப்பில்லை. நம் மொழியும் ஒரு பிள்ளைக்குக் கடக்க வேண்டிய தாளாக இருந்திருக்கிறது என்பதையும் கூடவே நினைத்துக்கொண்டால் அந்தக் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் கனம் கூடும்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த பயிற்சிக் கேள்வி: விவசாய நிலங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறுகின்றன, இது நல்ல வளர்ச்சியா கெட்ட வளர்ச்சியா? பாகலூர்க்காரரிடம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. அவர் எழுதியிருந்தது: இன்றைய வேகமான நவீன உலகில் தொழில்மயமாதல் இருபுறமும் கூர்மையான கத்தி. எழுபது சதவீதம் வந்தது. அமெரிக்கா வந்தது. கெட்ட வளர்ச்சி என்று முடித்திருந்தார்.

'உங்க அப்பா ரோஜா போட்டிருந்தார் இல்ல?' என்றேன்.

பேச ஆரம்பித்தார். இரண்டு ஏக்கர். பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு முன்னால் வெளிநாட்டு ஆர்டருக்கு ராத்திரியெல்லாம் பூ வெட்டுவது, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரிப்பது, மொட்டு ஒரு நாள் முந்தி விரிந்துவிட்டால் மொத்தமும் லோக்கல் மார்க்கெட்டுக்குப் போவது. போர் ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு ஏக்கரை லேஅவுட்காரருக்குக் கொடுத்தார்கள். 'அந்தக் காசுலதாண்ணா நான் நர்ஸிங் படிச்சேன். அப்புறம் எப்படி நெகட்டிவ்னு எழுதறது? பாசிட்டிவ்னும் எழுத முடியல. அப்பா இப்பவும் அந்த லேஅவுட் பக்கம் போக மாட்டாரு, சுத்திக்கிட்டுப் போவாரு.'

இதை அப்படியே எழுதுங்கள் என்றேன். எழுதினார். ஆங்கிலத்தில் கால மயக்கங்கள் இருந்தன, 'தி' வரவேண்டிய இடத்தில் வரவில்லை. ஆனால் நான் வாசித்த நாற்பது சொச்சத்தில் இது ஒன்றுதான் கட்டுரை. கேள்வியின் இரண்டு கட்டங்களுக்குள்ளும் அடங்காத ஒரு நிலைப்பாடு அதில் இருந்தது. அந்த நிலைப்பாட்டுக்கு ஒரு காரணமும் இருந்தது. அளவுகோலும் இதைத் தடுக்கவில்லை. தெளிவாகச் சொன்னால் போதும், இருபக்கமும் சாய்ந்த பதிலையும் அது ஏற்கும். ஆனாலும் தேர்வன்று இப்படி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். யோசிக்கவே இருபது நிமிஷம் போயிடும் என்றார். கட்டணம் கட்டுவது அவர், நான் இல்லை. மேற்கொண்டு பேசவில்லை.

இந்தத் தேர்வை நான் வெறுக்க முடியாமல் போனதற்கு வாசிப்புத் தாள் ஒரு காரணம். அதில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு சில வாக்கியங்களைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, சொல்லப்படவில்லை என்ற மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். எல்லோரும் சறுக்குவது மூன்றாவதில். வாக்கியம் உலகத்தைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கும், நமக்கு நன்றாகத் தெரிந்ததாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பகுதி அதைச் சொல்லியிருக்காது. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே, மறுக்காததை மறுத்ததாகவும் எடுத்துக்கொள்ளாதே என்பதுதான் பயிற்சி. நம் ஊரில் இலக்கிய விமர்சனம் எழுதுகிற எல்லோரையும் (என்னையும் சேர்த்து) வருடத்துக்கு ஒருமுறை இந்தத் தாளை எழுத வைக்கலாம். நாவலில் இல்லாத அரசியலை நாவலாசிரியர் தலையில் கட்டுவது பாதியாகக் குறையும்.

எழுத்துத் தாளின் முதல் கேள்வியும் அப்படியே. வரைபடத்தில் 43 என்று இருந்தால் 43தான். இல்லாத எண்ணை எழுதினால் மதிப்பெண் போகும். ஆனால் இருபது நிமிடம் கழித்து அதே பேனாவால், அதே மேஜையில், டாஸ்க் 2இல் எழுபது சதவீதம் அமெரிக்கர்களை உருவாக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். திருத்துகிறவர் பார்ப்பது மொழியை. தகவலைச் சரிபார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்கும் காரணம் சொல்லலாம்: தகவலைச் சோதித்தால் அது பொது அறிவுத் தேர்வாகிவிடும். சரி. ஆனால் வாசிக்கும்போது 'சொல்லப்படவில்லை' என்று சொல்லத் தெரிய வேண்டும் என்கிற தேர்வு, எழுதும்போது அதே நேர்மையை ஏன் கழற்றிவைக்க விடுகிறது என்பதுதான் என் அடிப்படைப் புகார். டெம்ப்ளேட், கத்தி, வாட்ச்மேன் எல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகின்றன. மெய்யென்று நிற்க வேண்டிய அவசியம் இல்லாத வாக்கியத்துக்கு அலங்காரம் மட்டும்தான் மிச்சம்.

இந்த உரைநடை தேர்வறையோடு நின்றுவிடுவதாகவும் தெரியவில்லை. லிங்க்டுஇன் பதிவுகளில் பார்க்கிறேன், ஆபீஸ் மெயிலில் பார்க்கிறேன், இப்போது தமிழ் இணையக் கட்டுரைகளிலும். 'ஆய்வுகள் சொல்கின்றன' என்று தொடங்கி எந்த ஆய்வு என்று சொல்லாமல் முடிகிறது. 'ஒருபுறம், மறுபுறம்' என்று இரண்டு பத்தி ஓடி, எழுதியவர் எந்தப் புறம் என்பது மட்டும் கடைசிவரை வருவதில்லை.

அந்த நர்ஸ் கடைசியில் ஐஇஎல்டிஎஸ்ஸை விட்டுவிட்டு ஓஇடி எழுதுவதென்று முடிவெடுத்தார். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. ஆஸ்திரேலியாவில் 1980களில் உருவானது, பன்னிரண்டு தொழில்களுக்குத் தனித்தனியே நடக்கிறது, பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் 2017இலிருந்து ஏற்கிறது. கட்டணம் கணிசமாகக் கூட. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தார். இதில் எழுத்துப் பகுதி ஒரே ஒரு கடிதம். நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள், ஐந்து நிமிடம் படிக்க, நாற்பது நிமிடம் எழுத. இன்ன நோயாளியை இன்னாருக்கு அனுப்புகிறோம் என்று சுமார் 200 சொற்களில் எழுத வேண்டும். மதிப்பெண் அம்சங்களில் முதலாவது நோக்கம்: இந்தக் கடிதம் எதற்காக என்பது பெறுபவருக்கு உடனே விளங்குகிறதா? இன்னொன்று சுருக்கம்: வேண்டாததை விட்டிருக்கிறாரா? குறிப்புகளில் வேண்டுமென்றே வேண்டாத தகவல்களும் கலந்திருக்கும். பொய்யாக ஒரு எண்ணைப் போட்டால் தேர்வு என்றாலும் அது தவறான மருந்தளவு.

உரைநடை வடிவம் என்ற முறையில் டாஸ்க் 2ஐவிட இதை நான் மேலாக வைக்கிறேன். எதிரே ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு நேரமில்லை, அவர் இதை வைத்து ஏதோ செய்யப் போகிறார். ராமானுஜனின் கடிதத்துக்கும் அதுதான் நிலைமை.

அவருடைய பயிற்சிக் கடிதங்களில் ஒன்றை வைத்து எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். எழுபத்திரண்டு வயது நோயாளி, இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்குக் கடிதம். அவருக்குத் தோட்டக்கலையில் ஆர்வம் என்று குறிப்பில் இருந்தது. அதை அவர் வெட்டிவிட்டார், ரோஜாக்காரர் வீட்டுப் பெண் என்ற தயவெல்லாம் பார்க்கவில்லை. மூன்றாவது மாடி, தனியாக இருக்கிறார், லிஃப்ட் இல்லை என்பதை மட்டும் வைத்திருந்தார். சொல் எண்ணிக்கை தாண்டுகிறதே, இதையும் எடுத்துவிடலாமே, இது மருத்துவத் தகவல் இல்லையே என்றேன்.

'ஆபரேஷன் ஆனவரு அண்ணா' என்றார். 'மாத்திரை தீந்துபோனா யாரு கீழ இறங்குவா?'

வைத்துக்கொண்டார். வேறொரு வாக்கியத்தைச் சுருக்கினார்.